ஓட்டை விழுந்த மூங்கில்

பொதிகை மலையில், ஓர் ஓடைக்கரையில் வடிவம்மையின் குடில் இருந்தது. சீடர் ஒரே ஒருவர்தான். பஸ் கண்டக்டராக இருந்த அணஞ்சபெருமாள். குருவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அம்மை அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாள். அதில் கொஞ்சம் கேலியும் நிறையப் பிரியமும் இருக்கும்.

மனைவியோடு ஒத்துப்போகாமல், பள்ளிக்கூடம் போகிற மகளையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். "அது ஓட்டை வீடு அம்மை, உள்ள ஒண்ணுமில்ல" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். ஒரு வருஷமாகக் காவி கேட்டு நச்சரித்தார். நாளைக் காலையும் கேட்டால் தருகிறேன் என்று அம்மை சொல்லியிருந்தாள்.

அதற்குள் குருவுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? சாரல் அடித்து அம்மை நனைவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தட்டி கட்டலாமென்று ஓடைக்கரையில் ஒரு கட்டு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லதைத் தொடல அம்மை. ஓட்டை விழுந்ததா பாத்துப் பாத்துதான் வெட்டுனேன்."

அம்மையின் முகம் வாடிவிட்டது. ஒரு மூங்கிலை எடுத்து, கணுவுக்கு மேலிருந்த கீறலை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பச்சைத் தவளை இருந்தது. பக்கத்தில் ஏழெட்டு முட்டைகள் ஒட்டியிருந்தன.

கீழ்க்கரைகளில் மூங்கிலை மொட்டையடித்த பிறகு, இந்தத் தவளைக்கு மிச்சம் இந்த ஓடைக்கரைதான் என்றாள் அம்மை. கீறல் விழுந்த மூங்கில்தான் அதற்கு வீடாம். குஞ்சுகள் வெளிவரும்வரை தகப்பன் தவளை உள்ளேயே காவல் கிடக்குமாம்.

வெட்டும்போதே அது குதித்து ஓடியிருக்கலாமே என்றார் அணஞ்சபெருமாள்.

அம்மை கட்டைத் தூக்கச் சொன்னாள்.

இருவரும் மழையில் நனைந்தபடி ஒவ்வொரு மூங்கிலையும் பழைய புதரிலேயே நிமிர்த்தி நிறுத்தி, நாரால் கட்டினார்கள். கடைசி முடிச்சைப் போட்ட பிறகும் அவருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

"வெட்டுன மூங்கிலாச்சே அம்மை. முட்டை பொரியுமா?"

"தகப்பன் உள்ள இருக்கான்லா, அண்ணாச்சி."

மறுநாள் காலை அவர் காவி கேட்கவில்லை.