கூட்டல் கட்டம் யாரைக் கேட்டது?

அந்தக் காலத்தில் கணினியின் கணக்குத்தாளில் இருந்த கட்டங்களுக்கெல்லாம் வாய் இருந்தது. நிறம்தான் கிடையாது.

செம்பனூர் ஏரிக்கு நான்கு கால்வாய்களில் தண்ணீர் வந்தது. இருதயராஜ் ஒவ்வொன்றையும் அளந்து வந்து தனித்தனிக் கட்டத்தில் போடுவார். கீழே இருந்த கூட்டல் கட்டம் மொத்தம் சொல்லும். எந்தெந்தக் கட்டங்களைக் கூட்டுவது என்று பெயர் குறித்து அதற்குச் சூத்திரம் எழுதியவர் பொறியாளர் தெய்வநாயகி. அந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் மதகைத் திறக்கச் சொல்வார்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலை. நான்காம் கால்வாயின் கட்டம் என்றும் இல்லாத பெரிய எண்ணைச் சொன்னது. கூட்டல் கட்டமோ, "பயமில்லை, கொஞ்சம்தான் வருது" என்றது. ஜன்னலில் மழையைத் தவிர எதுவும் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது.

தெய்வநாயகி இருதயராஜைத் திரும்பிப் பார்த்தார். "நாலாவது கால்வாய் வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடக்கு. நிஜமாவே போய்ப் பார்த்தீங்களா?"

"தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன் மேடம். இன்னும் என்ன சாட்சி வேணும்?"

நனைவதற்கு வாசலில் நின்றாலே போதுமே என்று தெய்வநாயகிக்குத் தோன்றியது. வீணாக மதகைத் திறந்தால் கீழே நாற்றெல்லாம் மூழ்கிவிடும். திறக்காமல் விட்டுக் கரை உடைந்தால் ஊரே போய்விடும்.

"நான் கத்திக்கிட்டேதான் இருக்கேன். கூட்டலுக்குக் காது கேட்கலை" என்றது நான்காம் கட்டம்.

"பொய்! நாலு பேரையும் கேட்டுத்தான் சொல்றேன்" என்று சீறியது கூட்டல் கட்டம்.

"எந்த நாலு பேர்?" என்றார் தெய்வநாயகி.

"அதெல்லாம் நான் வெளியே சொல்றதில்லை."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏரியின் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லுக்குப் பூச வைத்திருந்த சாயங்களை எடுத்தார். கூட்டல் கட்டத்தின் வாயைப் பிடித்துத் திறந்து, உள்ளே சூத்திரத்தில் இருந்த ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு சாயத்தைத் தடவினார். சாயம் ஓடிப்போய் அந்தப் பெயருக்குரிய கட்டத்தைச் சுற்றி நின்றது. நீலம் முதல் கட்டத்தை, சிவப்பு இரண்டாவதை, ஊதா மூன்றாவதைச் சுற்றிக்கொண்டது. பச்சை மட்டும் நான்காவதைத் தாண்டி, பக்கத்தில் இருந்த வெற்றுக் கட்டத்தைச் சுற்றி நின்றது.

"அங்க யாருமே இல்லையே!" என்றார் இருதயராஜ்.

"பதில் வரலை. அதனால ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கிட்டேன்" என்று முனகியது கூட்டல் கட்டம்.

அந்த வெற்றுக் கட்டத்தின் பெயரை எழுதியது தெய்வநாயகியின் கைதான். நான்காம் கால்வாய் காய்ந்து கிடந்தவரை பிழை தெரியவில்லை. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பச்சை வளையத்தைப் பிடித்து இழுத்து நான்காம் கட்டத்தின் மேல் வைத்தார். மொத்தம் எகிறியது. சொல்வதற்குள் இருதயராஜ் மதகுக்கு ஓடிவிட்டார். கரை தப்பியது.

மழை விட்டதும் தெய்வநாயகி மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை மேடம்" என்றார் இருதயராஜ். ஆனால் அதற்குப் பிறகு அளக்கப் போகும்போதெல்லாம் தெய்வநாயகியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

கட்டங்களும் கோபித்துக்கொண்டன. "எங்க பேச்சை நம்பலைன்னா இனிமே பேசலை. வாயைத் திறந்து பார்க்கிற நேரத்துக்கு மட்டும் நிறத்தைக் காட்டுறோம்" என்று சொல்லி மௌனமாகிவிட்டன.

அன்று முதல்தான், திருத்துவதற்காக ஒரு சூத்திரத்தைத் திறந்தால், அது யார் யாரை நம்பியிருக்கிறதோ அந்தக் கட்டங்கள் ஆளுக்கொரு நிறத்தில் எழுந்து நிற்கின்றன. மூடியதும் ஒன்றும் தெரியாததுபோல் வெளுத்துவிடுகின்றன.