மெனு நிற்கவே இல்லை

பழைய பல் பிரஷ்ஷால் கீபோர்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் செல்வக்கனி. வீட்டின் முன்னறையிலேயே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். கழுவிய பொத்தான்களைத் துண்டில் பரப்பினாள். பக்கத்தில் தூளியில் பிள்ளை தூங்கியது.

"டீச்சர்! போச்சு! எல்லாம் போச்சு!"

வாசலில் முத்துக்குட்டி அண்ணாச்சி. பஸ் கண்டக்டர். ஐம்பது தாண்டியவர், ஞாயிறுதோறும் அவளிடம் கம்ப்யூட்டர் படிக்க வருவார். இன்று காக்கிச் சட்டையோடு, லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

"மெள்ள அண்ணாச்சி. பிள்ள முழிச்சிரும்."

"ஆறு மாசமா எழுதுன நாடகம் டீச்சர்! நாலு மணிக்கு ஒத்திகைக்கு நடிக்கிறவங்க பன்னெண்டு பேரும் வந்து உக்காந்துருவாங்க. இப்ப மணி மூணே கால்!"

"நாடகம் எதுல இருக்கு?"

"லினக்ஸ்ல. இந்தப் பெட்டிக்குள்ள அதும் விண்டோஸும் ரெண்டு சிஸ்டம் இருக்குல்லா? தொறந்தா நேரா விண்டோஸுக்குள்ள போயி நிக்குது. முன்னெல்லாம் ரெண்டு பேரையும் காட்டி, எதுக்குள்ள போகணும்னு ஒரு மெனு வரும்லா? அதக் காணும். என்னய ஒரு வார்த்த கேக்கல!"

"நேத்து அதுல கை வச்சீங்களோ?"

"லேசா..." குரலை உயர்த்தினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

செல்வக்கனி குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டாள். எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

"காப்பியா மோரா அண்ணாச்சி?"

அவர் வாய் திறக்குமுன் மோர் டம்ளர் அவர் கையில் இருந்தது.

"நான் காப்பி குடிக்கிற ஆளு டீச்சர்!"

"கேட்டேன்லா?"

"கேட்டீங்க. பதில் சொல்ல விட்டீங்களா?"

அவள் உட்கார்ந்து இன்னொரு பொத்தானைத் தேய்த்தாள்.

"கேட்டா நிக்கணும் டீச்சர். ஒரு பத்து விநாடியாவது..."

நிறுத்தினார்.

டம்ளர் சாய்ந்து காக்கிச் சட்டையில் மோர் வழிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"பத்து விநாடி! மெனு பத்து விநாடி நிக்கும் டீச்சர்! எதுக்கு வெட்டியா நிக்கணும்னு நேத்து நான்தான் பத்த அழிச்சிட்டு சைபர் போட்டேன்! ஸ்டாப்புல வண்டி நிக்கும் முன்னாலயே ரைட் குடுத்துட்டேன்!"

செல்வக்கனி லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டாள். திரை கறுத்தது.

"மேல் மூலையில இருக்க எஸ்கேப் பொத்தானத் தட்டுங்க. தட்டிக்கிட்டே இருங்க."

தட்டினார்.

மெனு வந்தது. இரண்டு பெயர்கள். அசையாமல் அவருக்காக நின்றன.

லினக்ஸைத் தேர்ந்து அதற்குள் போனார். நாடகம் திறந்தது.

"முதல் காட்சி, அரண்மனை! இருக்கு! ராணி பேசுறது அம்புட்டும் இருக்கு!" தரையில் உட்கார்ந்தபடியே குதித்தார். "சைபர எடுத்துட்டு முப்பது போடப் போறேன் டீச்சர்! அறுபது போடப் போறேன்!"

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி." அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "ராணி வேசம் யாரு?"

"வேற யாரு, என் வீட்டம்மாதான்!"

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே!"

"என்ன சொன்னாங்க?"

அவர் வாய் திறந்தது. யோசித்தார். வாய் மூடிக்கொண்டது.

மணி மூன்றரை.

செல்வக்கனி துண்டில் கிடந்த பொத்தான்களைப் பார்த்தபடி, கூச்சத்தோடு, "இல்ல அண்ணாச்சி, நான் எதுக்குக் கேக்கேன்னா, நாம ஒருத்தருகிட்ட—"

"அம்மா!" என்றது தூளி.