குயில் சொல்லாமல் விட்ட பாதி

ஒரு காட்டில் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, கண்ணுகளா. அப்போது நரி ஒரு பாட்டுப் போட்டி வைத்தது. ஜெயிக்கிற பறவைக்கு ஆற்றங்கரை அத்திமரத்தில் இருந்த பெரிய பொந்து பரிசு. எவ்வளவு மழை அடித்தாலும் அதற்குள் ஒரு சொட்டு இறங்காது. பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவந்து, தங்களுக்குப் பிடித்த பறவையின் முன்னால் வைக்க வேண்டும். யார் முன்னால் பழம் அதிகமோ அவருக்கே வெற்றி. அத்தனை பழமும் பிறகு எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காட்டில் ஓர் இளங்குயில் இருந்தது. பெற்றவள் முட்டையைக் காகத்தின் கூட்டில் விட்டுப் போய்விட்டாள். காகம்தான் அடைகாத்து, ஊட்டி வளர்த்தது. குஞ்சு முதன்முதலாகக் கூவிய அன்று மற்றக் காகங்கள் கூடிவந்து, இது நம் பிள்ளை இல்லை, விரட்டிவிடு என்று சொல்லிப் பார்த்தன.

"பசிக்குதுன்னு வாயைத் திறந்தது, ஊட்டினேன். நீ யார் பிள்ளைன்னு பசிகிட்டே கேக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டது காகம்.

இப்போது அந்தக் காகத்துக்கு வயதாகிவிட்டது. ஆடிக் காற்றில் கூட்டின் ஒரு பக்கம் சரிந்துபோயிருந்தது. திரும்பக் கட்ட அதற்குத் தெம்பில்லை. அத்திமரத்துப் பொந்து கிடைத்தால் அம்மா இந்த மழைக்கு நனையாமல் இருப்பாள் என்று எண்ணித்தான் குயில் போட்டிக்குப் போயிற்று. கடவுள் அதற்கு நல்ல குரலைத்தான் கொடுத்திருந்தார்.

நரி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தது. தாளம் தட்ட மரங்கொத்தி. முன்வரிசையில் முயல். நரி காதைச் சொறிந்தால் முயல் அழ வேண்டும். அதற்காகவே அதை அங்கே உட்கார்த்தி வைத்திருந்தது.

முதலில் மைனா பாடியது. நன்றாகவே பாடியது. முடித்ததும் நரி பக்கத்தில் வந்து, வீட்டில் என்ன கஷ்டம் என்று பரிவோடு விசாரித்தது.

"கஷ்டம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் சுகமா இருக்கோம்."

"அடடா. அப்போ கொஞ்சம் ஓரமா நில்லு," என்றது நரி.

மைனாவின் முன்னால் ஒரு நாவல்பழம்கூட விழவில்லை.

அடுத்தது குயில். நரி அதைப் புதருக்குப் பின்னால் கூட்டிப்போனது. "தம்பி, வெறும் குரலுக்கு யாரும் பழம் தர மாட்டாங்க. உன்னை வளர்த்த காகம் உன்னை ஒரு தடவைகூடக் கொத்தினதில்லையா?"

குயில் யோசித்துப் பார்த்தது. குஞ்சாக இருந்தபோது, கிளையில் ஏறிவந்த பாம்பின் வாலைப் புழு என்று நினைத்து அது பிடிக்கப் போயிருக்கிறது. காகம் பாய்ந்து வந்து, அதன் தலையில் ஓங்கிக் கொத்தி, மேல்கிளைக்குத் துரத்தியிருக்கிறது. கொத்துப்பட்ட இடத்தில் இன்றுவரை இறகு முளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே குயில் சொன்னது.

"கொத்தினதை மட்டும் சொல்லு. பாம்பை விட்டுடு," என்றது நரி.

"அது பொய் ஆயிடாதுங்களா, மாமா?"

"நடந்ததிலே பாதியைச் சொன்னா அது எப்படிப் பொய்யாகும்? அம்மாவுக்குப் பொந்து வேணுமா, வேண்டாமா?"

குயில் பாடத் தொடங்கியது. பாட்டின் நடுவிலேயே நரி கையைக் காட்டி நிறுத்தி, தலையில் என்ன வடு என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டது. குயில் தலையைக் குனிந்து காட்டி, வளர்த்த காகம் கொத்தியது என்றது. அதற்குமேல் சொல்லவில்லை.

மரங்கொத்தி மெல்ல மெல்லத் தட்டியது. நரி காதைச் சொறிந்தது. முயல் தேம்பியது. முயலைப் பார்த்து மான் அழுதது. மானைப் பார்த்து யானைக்கும் கண் கலங்கியது. முடிவை இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று நரி இழுத்துக்கொண்டே போயிற்று. அணிலுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி, மழைக்காலத்துக்கென்று பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்திருந்த பழத்தையும் அள்ளிவந்து குயிலின் முன்னால் கொட்டியது.

கொட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் அணில் பார்த்தது. கூட்டத்தின் கடைசியில் அந்தக் காகம் உட்கார்ந்திருந்தது. பாடி முடித்தால் பிள்ளைக்குப் பசிக்குமே என்று, அலகில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"கொத்தினவ இவதான்," என்றது அணில். அழுதுகொண்டே முதல் கொட்டையை எறிந்ததும் அணில்தான். பிறகு எல்லோரும் எறிந்தார்கள்.

காகம் குயிலைப் பார்த்தது. மிச்சப் பாதியையும் பிள்ளை சொல்லிவிடும் என்று நினைத்ததோ என்னவோ, அடிபட்டும் கொஞ்ச நேரம் நகராமல் இருந்தது. குயில் வாயைத் திறந்தது. நரி முறைத்தது. குயில் வாயை மூடிக்கொண்டது.

காகம் பழத்தை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் பறந்துபோயிற்று.

குயில்தான் ஜெயித்தது. பழத்தையெல்லாம் நரி தன் குகைக்கு இழுத்துக்கொண்டது. விடிந்ததும் குயில் அம்மாவைப் பொந்துக்கு அழைத்துப்போகக் கூட்டுக்குப் பறந்தது. கூடு காலியாக இருந்தது. பக்கத்து மரத்துக் காகங்களிடம் கேட்டது. அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மழை வந்தது. குயில் பொந்துக்குப் போகவில்லை. சரிந்த கூட்டின் ஓரத்தில் நனைந்தபடி உட்கார்ந்து, "அம்மா, பாம்பு வந்ததை நான் சொல்லலையே அம்மா," என்று கூவிக் கூவி அழுதது.

அன்று தாளம் தட்ட மரங்கொத்தி இல்லை. முன்னால் உட்கார்ந்து தேம்ப முயலும் இல்லை. அதனால் யாருக்கும் அழுகை வரவில்லை.

அணில் மட்டும் தன் பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. "போட்டிதான் முடிஞ்சுபோச்சே, இவன் இன்னும் எதுக்குக் கத்துறான்?" என்று சொல்லிவிட்டு, பசியில் சிணுங்கிய தன் பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைக்க உள்ளே போயிற்று.

நீதி: கண்ணீரை விற்பவனிடம் நம் கண்ணீரைக் கொட்டிவிட்டால், உண்மையாக அழுகிறவருக்குக் கொடுக்க ஒரு துளியும் மிஞ்சாது.