சிக்கெடுத்த முட்டை

டொக், டொக், டொக்.

கூடத்தில் பாயில் சாய்ந்திருந்த ஏகாம்பரத்துக்கு, அடுப்படியிலிருந்து வந்த அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. குஞ்சு உள்ளேயிருந்து ஓட்டைக் கொத்துகிறது. நேற்றுத்தான் அடை வைத்தது. அதற்குள்ளாகவா என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

நூல்மேட்டில் எல்லோரும் நெசவாளிகள். சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். அதனால்தான் அந்த ஊரில் எதுவும் உருப்பட்டதில்லை. ஏகாம்பரத்தின் மனைவி குணவதி சந்தைக்குக் கிளம்பும்போது, "கோழி எழுந்து மேயப் போனா முட்டை ஆறிடும். சூடு குறையாம பாத்துக்குங்க. இந்தத் தடவையும் பொரிக்கலேன்னா, எங்கம்மா வீட்டுக்குப் போனவ போனவதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோழி எழுந்தது. ஏகாம்பரம் முட்டைகளைப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்பை மூட்டினான். சூடு குறையவேயில்லை.

குஞ்சுக்கு ஒத்தாசையாக ஒரு முட்டையின் ஓட்டை உரித்தான். வெள்ளைவெளேரென்று ஓர் உருண்டை. அலகும் இல்லை, காலும் இல்லை.

பக்கத்துத் தறிக்காரர்கள் வஜ்ஜிரவேலுவும் அவன் தம்பி சிகாமணியும் வந்து பார்த்தார்கள். மூவருமாக அதைத் தட்டில் வைத்து, துணியால் மூடி, வேதியியல் வாத்தியார் மாசிலாமணி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

வாத்தியார் சிரிக்காமல் சொன்னார்: "முட்டை வெள்ளையில இருக்கறது புரதம். அமினோ அமிலம்னு சின்னச் சின்ன மணிங்க, அதை வரிசையாக் கோத்த சரம். ஒவ்வொரு சரமும் அதுக்குன்னு ஒரு விதமா மடிஞ்சு சுருண்டு கிடக்கும். சூடு பட்டா சுருள் அவிழ்ந்து, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். மணியும் இருக்கு, சரமும் அறுந்துடலை. மடிப்புதான் போச்சு. சிக்கெடுத்து மடிக்க உங்களால ஆகுமா?"

நெசவாளியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? மூவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஊசியால் சரத்தின் நுனியைத் தேடினார்கள்.

"நுனியே அகப்படலையே, அண்ணே" என்றான் சிகாமணி.

"ரொம்ப சன்ன நூல்டா. நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும், இது அதிக நம்பர்" என்றான் வஜ்ஜிரவேலு.

"எந்த நுனியிலேருந்து சுருட்டறது? வால் பக்கமிருந்து சுருட்டிட்டா குஞ்சு பின்னாலேயே நடக்குமே" என்றான் ஏகாம்பரம்.

"நடக்கட்டும். பருந்து துரத்தினா பாத்துக்கிட்டே ஓடலாம்."

கஞ்சி பூசினால் இழை விறைத்துப் பிரியும் என்று பூசினார்கள். ராட்டையில் வைத்துச் சுற்றினார்கள். முட்டை எகிறிச் சுவரில் மோதி, உருண்டு அவர்கள் காலடிக்கே வந்தது.

"திரும்பி வருது பாரு. உயிர் இருக்கு" என்றான் சிகாமணி.

தெருவில் குணவதியின் குரல் கேட்டது. ஏகாம்பரம் மற்ற முட்டைகளை அள்ளிக் கோழிக்கு அடியில் தள்ளினான். கோழியும் அந்த ஊர்க் கோழிதான். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டது.

குணவதி கூடையை இறக்கிவிட்டு, கோழியின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். "சூடு இருக்கு" என்றாள். முகம் இளகியது. "ஆனா ஒண்ணு குறையுதே?"

இவள் போய்விட்டால் இந்த வீட்டில் இன்னதைச் செய் என்று யார் சொல்வது? ஏகாம்பரம் முதுகுக்குப் பின்னால் உரித்த முட்டையோடு மறைத்திருந்த கையை நீட்டினான்.

"ஓடு போயிடுச்சு, குணவதி. சிக்குதான் எடுக்க முடியலை."

அவள் அதை வாங்கி, கஞ்சியைத் துடைத்துவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதையும் அடியில வைங்க. இதுதான் முதல்ல பொரிக்கும். ஓட்டை உடைக்கிற வேலை மிச்சம் பாருங்க."

வாஸ்தவம்தான் என்று மூவரும் தலையாட்டினார்கள். ஏகாம்பரம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, காலையில் விட்ட இடத்திலிருந்து நெய்ய ஆரம்பித்தான்.