முதுகைக் காட்டி வந்த தாலி

கோணப்பட்டியில் மூளைக்குப் பஞ்சம் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். நிறையவே இருந்தது, யாரும் எடுத்துச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் வெள்ளைச்சாமி, தாய் தகப்பன் இல்லாத தன் அக்கா மகள் பூங்கோதையை வளர்த்து ஆளாக்கினார். அவளுக்கு டென்மார்க்கில் ஹோப்ரோ என்ற சின்ன ஊரில் கல்யாணம். மாப்பிள்ளை யெஸ்பர் அந்த நாட்டுக்காரன். தாய்மாமன் கொண்டுபோகும் தாலி முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். துணைக்கு மச்சினன் சன்னாசியும், பக்கத்து வீட்டு மூக்கையாவும்.

"ரயில்ல போற பக்கம் பார்த்தே உக்காருங்க மாமா. முதுகைக் காட்டி உக்காந்தா வாந்தி எடுத்தே ஊர் வந்து சேர மாட்டீங்க" என்று பூங்கோதை போனில் சொல்லியிருந்தாள்.

கோபன்ஹேகனில் ரயில் கிளம்பியதும் சன்னாசி திடுக்கிட்டான்.

"மச்சான், நாம ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போறோம். எதிர்ல இருக்கிற மூக்கையா கோணப்பட்டிக்குப் போறான்."

வெள்ளைச்சாமி பதறி எழுந்தார். தாலி இருந்த மஞ்சப்பை மூக்கையா மடியில் அல்லவா இருந்தது. அவனைப் பிடித்து இழுத்து, இரண்டு பேர் சீட்டில் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்தார்கள்.

ஆர்ஹூஸ் ஸ்டேஷனில் ரயில் நின்றது. நின்றது, வந்த பக்கமே பின்னால் கிளம்பியது. அங்கே திசை மாறித்தான் ரயில் ஹோப்ரோ பக்கம் போகும். மூவரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராண்டர்ஸ் ஸ்டேஷன் தாண்டித்தான் மூக்கையா கண் விழித்தான்.

"அண்ணே, தாலியோட நாம ஊருக்குத் திரும்பிக்கிட்டிருக்கோம்."

அலறியடித்து எதிர் சீட்டுக்குத் தாவினார்கள்.

"சரி, பின்னால போன தூரத்துக்கு என்ன வழி?" என்றார் வெள்ளைச்சாமி.

சன்னாசி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "அதுக்கு ஈடா கூடக் கொஞ்ச தூரம் முன்னால போகணும் மச்சான்."

ஹோப்ரோ வந்தது. பட்டுப்புடவையில் பூங்கோதை பிளாட்பாரத்தில் நின்று, "இறங்குங்க மாமா" என்றாள்.

"அவசரப்படாதே தாயி. நாங்க இன்னும் வந்து சேரலை" என்றார் வெள்ளைச்சாமி. கதவு மூடிக்கொண்டது.

கணக்கு நேரானதும் அடுத்த ஸ்டேஷனான ஆர்டனில் இறங்கினார்கள். செங்கல் வீடு செங்கல் வீடாகக் கதவைத் தட்டி, "பொண்ணு எங்கே?" என்று கேட்டார்கள். ரொட்டிக் கடைக்காரி பாவப்பட்டு ஆளுக்கு ஒரு பன் கொடுத்தாள்.

"ஸ்டேஷன் பலகையில ஹோப்ரோன்னு போடலையே?" என்று வெள்ளைச்சாமி கவலைப்பட்டார்.

"பலகை எழுதினவன் முதுகைக் காட்டி உக்காந்து வந்திருப்பான்" என்றான் மூக்கையா.

பூங்கோதையும் யெஸ்பரும் டாக்சி பிடித்துத் துரத்தி வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. ஆர்டன் ஸ்டேஷன் பெஞ்சிலேயே தாலி ஏறியது. ரொட்டிக் கடைக்காரி அட்சதைக்குப் பதில் மாவைத் தூவினாள்.

புதுத் தம்பதி புகுந்த வீட்டுக்கு ரயில் ஏறினார்கள். மூக்கையாதான் கூடப் போய் உட்கார வைத்துவிட்டு இறங்கினான். ரயில் மறைந்ததும் வெள்ளைச்சாமி தேம்பித் தேம்பி அழுதார். வளர்த்த பாசம், தாங்கவில்லை.

"அழாதீங்கண்ணே" என்று மூக்கையா அவர் காதோரம் குனிந்தான். "மாப்பிள்ளையைத்தான் போற பக்கம் பார்த்து உக்கார வெச்சேன். பாப்பாவை எதிர்ல, முதுகைக் காட்டி உக்கார வெச்சுட்டேன்."

வெள்ளைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்ட பெண்சாதிக்குப் போன் போட்டார்.

"அடியே பேச்சி, உலையில ஒரு பிடி அரிசி கூடப் போடு. பாப்பா வந்துக்கிட்டிருக்கு."