கட்லெட்டில் போன வெண்ணெய் பிஸ்கட்

எங்கள் வீட்டில் குரு என் மனைவி செலின். அவளிடம் வந்து சேர்ந்த சீடருக்கு அவள் அப்பா வயது. நான் குருவும் இல்லை, சீடனும் இல்லை. உடைந்த பிஸ்கட்டைத் தின்று தீர்ப்பது என் வேலை.

செலின் புதுச்சேரியில் வீட்டிலேயே பிரெஞ்சுப் பலகாரம் சொல்லிக் கொடுக்கிறாள். நாங்கள் பிரான்சில் குடியிருந்த காலத்தில் மாடி வீட்டுக்காரி ஒருத்தியிடம் கற்றுக்கொண்டது. கற்றதை அப்படியே வைத்திருக்கிறாள். அவள் கை போகும் அழகை நான் இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. அவளிடம் இதைச் சொன்னால், “தட்டைக் கழுவி வையுங்க” என்பாள்.

சீடர் பெயர் தெய்வசிகாமணி. வில்லியனூர்க்காரர், கல்யாணச் சமையல். அவர் மைசூர்பாகு வாயில் கரைந்ததும் பந்தியில் பேச்சு நின்றுபோகும். சும்மா சொல்லக் கூடாது, நானே நின்றுபோயிருக்கிறேன். ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு காலையில் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

“டீச்சரம்மா, எனக்கு சாப்லே சொல்லிக் குடுக்கணும்.”

சாப்லே என்பது பிரெஞ்சுக்காரர்கள் வீட்டில் சுடுகிற வெண்ணெய் பிஸ்கட். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் உப்பு. வேறு ஒன்றும் கிடையாது.

“உங்களுக்கு எதுக்குங்க ஐயா அது?” என்றாள் செலின்.

“என் சம்பந்தியம்மா வராங்க.”

பிறகு நடந்ததைச் சொன்னார். அவர் மகன் பிரான்சில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் நடந்தது புதுச்சேரியில். பெண்ணின் அம்மா மரிவோன், தன் கையால் சாப்லே சுட்டு, ஒரு பெரிய தகர டப்பா நிறைய அடுக்கி, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மகள் கல்யாணத்துக்குத் தாய் சுட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். யாரோ அந்த டப்பாவைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டார்கள்.

“சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கட்லெட். ரஸ்க் தூள் பத்தலை. டப்பாவைத் தொறந்து பாத்தேன். தொட்டா உதிருது. பழைய பிஸ்கட்டுனு நெனச்சு…”

மாஸ்டர் நிறுத்தினார்.

“நெனச்சு?” என்றேன் நான்.

“மிக்ஸியில போட்டு அடிச்சுட்டேன் தம்பி.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செலின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டேன்.

“கட்லெட் மொறுமொறுன்னு வந்துச்சு. பாராட்டாதவங்க இல்லை. அந்தம்மா டப்பாவைத் தேடிட்டு உள்ள வந்தாங்க. காலி டப்பாவைப் பாத்தாங்க, கட்லெட்டைப் பாத்தாங்க. என் தோளைத் தட்டிச் சிரிச்சுட்டுப் போய்ட்டாங்க. பையன்தான் அப்புறம் விஷயத்தைச் சொன்னான். எனக்கு உசுரே போச்சு. பலகாரம் தெரிஞ்சவன்னு பேரு எடுத்தவன் நானு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த மாசக் கடைசியில திரும்ப வராங்க. அவங்க உக்காந்ததும் ஒரு தட்டு சாப்லே அவங்க முன்னாடி வைக்கணும். அவங்க செஞ்சதுக்கு ஒரு படி மேல இருக்கணும். அப்பதான் என் மனசு ஆறும்.”



“நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுங்க ஐயா” என்றாள் செலின்.

மறுநாள் மாஸ்டர் ஒரு தூக்குவாளியோடு வந்தார். திறந்தால் கமகமவென்று நெய். செலின் வாங்கி வைத்திருந்த வெண்ணெய்க்கு வேலையே வைக்கவில்லை.

“வெண்ணெயைப் பச்சையாவா போடுறது? காய்ச்சி எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார் பெருமையாக.

செலின் வேண்டாம் என்று சொல்லவில்லை. “செய்யுங்க” என்றாள்.

செய்தார். அடுப்புக்குள் போன பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு தட்டு முழுக்க ஓர் அடையாகப் பரவின. மாஸ்டர் குனிந்து கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நெய்யில ஏதோ கோளாறு” என்றார்.

“நெய் அருமையா இருக்கு” என்றாள் செலின். அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பருப்புக்கு அந்த நெய்தான்.

அடுத்த நாள் வெண்ணெயையே எடுத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜிலிருந்து கல்லு மாதிரி எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்து மணல் மாதிரி ஆக்க வேண்டும். அதோடு நிறுத்தி, மஞ்சள் கருவை விட்டு ஒன்றுசேர்க்க வேண்டும். செலின் செய்து காட்டினாள். அவள் விரல்கள் மாவைத் தொட்டதா இல்லையா என்றே சொல்ல முடியாது.

மாஸ்டர் நன்றாகத்தான் தொடங்கினார். மணல் வந்தது. பிறகு உள்ளங்கை உள்ளே போய்விட்டது. அண்டா மாவு பிசைந்து பழகிய கை, நாலு பிடி மாவைப் பார்த்ததும் சும்மா இருக்குமா? பிசைந்து தள்ளிவிட்டார். வெந்து வந்ததைக் கடித்தேன். எனக்குக் கடைவாய்ப் பல் ஞாபகம் வந்தது.

“டீச்சரம்மா, இதுல என்ன சூட்சுமம் இருக்கு? மறைக்காம சொல்லிடுங்க” என்றார்.

செலின் புதிதாகக் கலந்த மாவை ஒரு துணியில் சுற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாள்.

மாஸ்டர் காத்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, “சொல்லுங்கம்மா” என்றார்.

“அதைத்தான் ஐயா செஞ்சுட்டிருக்கேன்.”

மாஸ்டர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனுஷன் சும்மா உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

புதுச்சேரி வெயிலில் இந்த மாவைத் தேய்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பலகையில் போட்டதும் வெண்ணெய் கசிந்துவிடும். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். அதனால் மாவு தேய்ப்பதும் வட்டம் வெட்டுவதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்பி ஹாலுக்குத் துரத்திவிட்டு, குருவும் சீடரும் பலகையோடு உள்ளே போவார்கள். என் தலையணையில் மைதா வாசம் அடிக்கும். யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் பிஸ்கட் எல்லாம் சரியாக வந்தது. வடிவம் சரி, நிறம் சரி. கடித்தால் ஏலக்காய்.

செலின் மென்று முடித்தாள். “நல்ல ஏலக்காய்” என்றாள்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “வெறுமனே இருந்துச்சும்மா. கை தன்னால போட்டுருச்சு.”

“வெண்ணெய் எங்க ஐயா?”

“உள்ளதாம்மா இருக்கு.”

“என் நாக்குக்குத் தெரியலையே.”

அதற்கப்புறம் அவர் ஏலக்காயைத் தொடவில்லை.

இன்னொரு நாள், “வெந்துடுச்சுன்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டார். செலின் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு, அவரை ஹாலுக்குக் கூட்டிவந்து, அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். காரைக்கால் கல்யாணம் ஒன்றில் நடந்த கூத்தைச் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் ரசத்துக்குச் சண்டை போட்ட கட்டத்தில் மாஸ்டர் பேச்சை நிறுத்தி மூக்கைத் தூக்கினார்.

“வெந்துடுச்சு” என்றார்.

“எடுங்க” என்றாள் செலின்.

ஓரம் பொன்னிறம், நடுவில் வெளுப்பு. அப்படியே அச்சு. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவளுக்கு வந்த சீடர்களில் இவ்வளவு சீக்கிரம் மூக்கால் பிடித்தவர் யாரும் இல்லை. எனக்கே அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சம்பந்தியம்மா வருவதற்கு முந்தின நாள் மாஸ்டர் தன் வீட்டில் தனியாகச் சுட்டு, ஒரு வெள்ளித் தட்டில் அடுக்கி, மேலே வாழையிலை மூடி எடுத்துவந்தார். வேட்டி சட்டையெல்லாம் புதுசு.

செலின் ஒன்றை எடுத்தாள். இரண்டாக உடைத்தாள். ஓசையே இல்லாமல் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். மாஸ்டர் மூச்சு விடவில்லை. நானும்தான்.

“ஐயா, நான் செய்யறதைவிட நல்லா இருக்கு.”

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நானும் ஒன்றை வாயில் போட்டேன். நாக்கில் பட்டதும் மணலாக உதிர்ந்து, வெண்ணெயாகக் கரைந்து, கடைசியில் அந்த உப்பு வந்து நின்றது. அடடா! அஞ்சே பொருளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இப்படியும் செய்ய முடியுமா?

மாஸ்டர் தொடையைத் தட்டினார். “நாளைக்கு மேஜை நடுவுல இந்தத் தட்டுதான். அந்தம்மா ஒண்ணு எடுத்து வாயில வைக்கட்டும். அப்பத் தெரியும் தெய்வசிகாமணி யாருன்னு!”

செலின் கையிலிருந்த துகளைத் தட்டினாள்.

“அவங்க இந்தத் தடவையும் டப்பா கொண்டு வராங்களா ஐயா?”

மாஸ்டரின் குரல் இறங்கியது. “இல்லைம்மா. பையன் கேட்டானாம். ‘அவ்வளவு தூரம் எதுக்கு, அங்க யாருக்கு வேணும்’னு சொல்லிட்டாங்களாம்.”

பிறகு மாஸ்டரே தேறிக்கொண்டு, “அதனால என்ன? அதான் நான் செஞ்சுட்டேனே” என்றார்.

செலின் வெள்ளித் தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

“தெருவுல எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டு வாங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்காதீங்க.”

மாஸ்டர் எழுந்தேவிட்டார். “அம்மா! என்னம்மா இது? நாளைக்கு வெச்சிருக்கறதும்மா!”

நான் தட்டோடு வாசற்படியில் நின்றேன். போவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. செலின் உள்ளே போய் ஃப்ரிட்ஜிலிருந்து பிரிக்காத வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“நாளைக்கு மேஜைல ஒண்ணும் வைக்க வேணாம் ஐயா. இது உங்க ஃப்ரிட்ஜுல இருக்கட்டும். அந்தம்மா வந்து, களைப்பாறி, காப்பி குடிச்சதும் உங்க அடுப்பங்கரைக்குக் கூப்பிடுங்க. உங்க சாப்லேயை எனக்குச் செஞ்சு காட்டுங்கன்னு கேளுங்க.”

“எனக்குத்தான் தெரியுமே!”

“தெரியும்.”

“தெரியாத மாதிரி நடிக்கச் சொல்றீங்களா?”

“நடிக்க வேணாம். பக்கத்துல நின்னு பாருங்க, போதும்.”

“அவங்க செஞ்சது என்னோடதைவிடச் சுமாரா இருந்தா?”

“இருக்கட்டுமே.”

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் சிவந்து, குரல் உடைந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

“அப்ப நான் இங்க வந்து படிச்சதெல்லாம் எதுக்கு டீச்சரம்மா? இந்த வயசுல, என் பாதி வயசுக்காரிகிட்ட வந்து, கைகட்டி நின்னு, எதுக்கு நான் கத்துக்கிட்டேன்?”

செலின் வெண்ணெயை ஒரு துணிப்பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“போன தடவை அவங்க கொண்டுவந்தது என்னன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலை ஐயா. இந்தத் தடவை ஒருத்தருக்குத் தெரியும்.”