மிட்டாய் பாட்டில்ல வேர் விட்ட மரம்

ஒரு மலையில ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்துல நாத்து வளக்கிற பொம்பள ஒருத்தி இருந்தா, பேரு காத்தாயி. ம் கொட்டிக்கிட்டே கேளு. கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னுபோகும்.

முதல் அநியாயம் இது. அவ தாத்தா பாறை ஒடைச்சு ரோடு போட்டாரு. ரோட்டுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பேரை வெச்சாங்க. அடுத்தது, அவ அப்பா குளம் வெட்டினாரு. குளத்துக்குத் தொரைசானி பேரு. அதுக்கும் அடுத்தது, காத்தாயியே புதுசா ஒரு ரோஜா உண்டாக்கினா. அதுக்கு யார் பேரு தெரியுமா? தொரை வீட்டு நாய் பேரு. ஜிம்மி ரோஜா. நீ சிரிக்கிறே. அவ சிரிக்கல.

ம்.

அப்போ தொரை பங்களா வாசல்ல ஒரு மேப்பிள் மரம் நின்னுச்சு. சீமையிலேருந்து வந்த மரம். இலை ஒவ்வொண்ணும் விரலை விரிச்ச கை மாதிரி, ரத்தச் செவப்பு. மலை முழுக்க அது ஒண்ணுதான். அதுவும் வயசாகி உள்ளே பொந்து விழுந்துடுச்சு. விதை போட்டா பச்சை இலைதான் வருது. அதே செவப்பு வேணும்னா அதே மரத்துக் கிளையை வெட்டி வேர் விட வைக்கணும்.

தொரை எல்லாரையும் கூப்பிட்டான். "யாரு பொழைக்க வைக்கிறாங்களோ அவங்க பேருதான் மரத்துக்கு. தகரத்துல எழுதி நட்டு வைப்பேன்"னான்.

காத்தாயி முன்னால வந்து, "நான் வைக்கிறேன். இந்தத் தடவை நாய் பேரு வராதே?"ன்னா.

பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

அப்புறம் அவ என்ன பண்ணினா? சரக்குனு கை மொத்தத்துல ஒரு கிளையை வெட்டி, தலையில சாணி உருண்டை வெச்சு, முருங்கைப் போத்து நடற மாதிரி நட்டா. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சது அதுதானே. முருங்கை பொழைக்கும். மேப்பிள் பொழைக்குமா? கரிக்கட்டையாப் போச்சு.

ம்.

அடுத்த கோடையில இளந்தண்டா வெட்டி மணல்ல நட்டா. ஆனா தினமும் காலையில, "வேர் விட்டுச்சா?"ன்னு சொடக்குனு பிடுங்கிப் பார்ப்பா. திரும்பச் சொருகுவா. பச்சப்புள்ளயைத் தினமும் தூக்கத்துல உலுக்கினா அது வளருமா? அதுவும் போச்சு.

ஆளுங்களை வேலை வாங்குற கங்காணி கெக்கெக்கேன்னு சிரிச்சான். "காத்தாயி, உன் பேரை விறகுக்கு வைக்கச் சொல்றேன்"னான்.

மூணாவது கோடையில இளந்தண்டுக்கு அடியில பட்டையை லேசாச் சீவி, இலையைப் பாதி நறுக்கி, ஈர மணல்ல சொருகினா. கடைக்கார உம்மர் பாய்கிட்ட பெரிய கண்ணாடி மிட்டாய் பாட்டில் ஒண்ணு வாங்கி, தலைகீழா அதுமேல கவுத்தா. வாயில தண்ணி வெச்சு ப்ஸ்ஸ்ஸ்னு ஊதுவா, மூடிடுவா. பிடுங்கல. இனிப்பு வாசனைக்கு எறும்புதான் சாரை சாரையா வந்துச்சு. "போங்கடி, கடை சாத்தியாச்சு"ன்னு விரட்டினா.

புதுத் துளிர் வந்துச்சு. செவப்பாவே வந்துச்சு!

ம்.

அப்புறம் பனி மாசம். ஒரு காலையில பார்த்தா பொலபொலன்னு எல்லா இலையும் உதிர்ந்து, வெறும் குச்சி நிக்குது. காத்தாயி உக்காந்துட்டா. தொரைகிட்ட போய், "செத்துப்போச்சு தொரை. என்னால ஆகல"ன்னு தன் வாயாலயே சொல்லிட்டா.

அந்த வாரமே காத்து அடிச்சு, பங்களா மரமும் மடார்னு சாஞ்சுது.

குச்சியை அடுப்புல போடலாம்னு எடுத்தா காத்தாயி. சடக்குனு ஒடியும்னு பார்த்தா, ஒடியல. வளையுது. நகத்தால கீறினா, உள்ளே பச்சை! அடியைப் பார்த்தா வெள்ளை வேர். குளிருக்கு இலையைக் கொட்டிட்டுத் தூங்குற மரம் அது. அவளுக்கு யாரு சொன்னா? திரும்ப நட்டா. பனி போனதும் கணுவுக்குக் கணு செவப்பு மொட்டு.

இப்போ தொரை வந்தான். "செத்துப்போச்சுன்னு நீதானே சொன்னே? உன் மரம் அன்னிக்கே முடிஞ்சுது. இது தானாப் பொழைச்ச மரம், என் மரம்"னான்.

"தானாப் பொழைச்சா பாட்டிலை யாரு கவுத்தா?"ன்னா காத்தாயி. தொரை பங்களாவைப் பார்க்கத் திரும்பி நடந்துட்டான்.

அன்னிக்குக் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க எல்லாரும் கூடையைக் கீழே வெச்சாங்க, தொப்புனு. உக்காந்தாங்க. மறுநாளும் உக்காந்தாங்க. கொழுந்து முத்தி கரட்டு இலையாப் போக ஆரம்பிச்சுது.

தொரை கங்காணியைக் கூப்பிட்டுக் காதுல ஏதோ சொன்னான். கங்காணி ஒரு தகரத்தை எழுதிக் கொண்டாந்து நட்டு, "காத்தாயி மரம்னு எழுதியாச்சு. எந்திரிங்கடி"ன்னான்.

காத்தாயி எந்திரிக்கல. "ரோட்டுலயும் எழுதினீங்க. குளத்துலயும் எழுதினீங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. உம்மர் பாய் வந்து படிக்கட்டும்"னா.

உம்மர் பாய் வந்து குனிஞ்சு பார்த்தாரு. "ஏம்மா, இதுல தொரை பேருல்ல இருக்கு!"ன்னாரு.

யாரும் கூச்சல் போடல. கூடையைக் கவுத்து அதுமேல நல்லாச் சாஞ்சு உக்காந்தாங்க, அவ்வளவுதான். தொரை கங்காணியைப் பார்த்தான், கங்காணி தரையைப் பார்த்தான். பழைய எழுத்தைச் சுரண்டினாங்க, கர்ர் கர்ர்னு. புதுசா எழுதினாங்க.

ம் சத்தம் தேயுது. சரி, மரம் தூங்கின மாதிரி நீயும் தூங்கு. கதையில இன்னும் ஒரு வாய்ச்சொல்தான் பாக்கி, கண்ணை மூடிக்கிட்டே கேளு.

உம்மர் பாய் கண்ணாடியைத் தொடச்சு மாட்டினாரு. பொம்பளைங்க எந்திரிச்சு நின்னாங்க. தொரையும் நின்னுக்கிட்டிருந்தான். பாய் தொண்டையைச் செருமிக்கிட்டு, எதிர்மலைக்கும் கேக்குற மாதிரி படிச்சாரு:

"காத்தாயி மரம்."